குவாதர்: அடைக்கலமாகப் போன ஊர்

அரபிக்கடலுக்குள் சுத்தியல்போல நீண்டிருக்கிறது குவாதர். ஊரின் இருபுறமும் விரிகுடா. கிழக்கே இருப்பதை 'தேமி ஸிர்' என்றும் மேற்கே இருப்பதை 'பத்தி ஸிர்' என்றும் பலூச் மீனவர்கள் அழைக்கிறார்கள். பலூச் மக்களின் நிலம் பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளில் கிடக்கிறது. அந்த நிலத்தை யார் யாரோ பங்குபோட்ட கதைக்கு இந்த ஊர் ஒன்றே போதும்.

1783-ல் ஓமானில் அரியணைப் போட்டி. தோற்ற இளவரசர் சுல்தான் பின் அகமது கடல் தாண்டி, குவாதர் இருக்கும் மக்ரான் கரைக்கு வந்தார். பலூச் குலங்களைத் திரட்டி அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் கலாத் அரசின் தலைவரான கான், மீர் நசீர் கான். அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடுவது பலூச் மரபில் பெரும் இழுக்கு. குவாதரையே இளவரசரின் பிழைப்புக்கு விட்டுக்கொடுத்தார் கான். பின்னாளில் இளவரசர் ஓமானின் ஆட்சியைப் பிடித்தார். ஊரைத் திருப்பித் தரவில்லை. அது நிரந்தரக் கொடையா, தற்காலிக மானியமா என்ற வழக்கு தலைமுறைகளுக்கு நீண்டது.

அடுத்து வந்தது தந்தி. இந்தியாவை லண்டனோடு இணைக்க பிரிட்டிஷார் 1864-ல் பாரசீக வளைகுடாவில் போட்ட கடலடிக் கம்பி, குவாதரில் கரையேறியது. மக்ரானில் எந்த மண் யாருடையது என்ற கேள்வி அவர்களுக்கு அவசரமானது. தந்தித் துறையை நடத்திய பிரடெரிக் கோல்ட்ஸ்மிட்டே 1871-ல் பாரசீகத்துக்கும் கலாத்துக்கும் நடுவே எல்லை வகுத்தார். 1893-ல் பிரிட்டிஷார் வகுத்த டியூராண்ட் எல்லைக்கோடு ஆப்கன் பக்கத்தை வெட்டியது. ஆடு மேய்க்க நடந்த தடங்கள் அயல்நாடாயின.

கலாத் 1948 மார்ச்சில் பாகிஸ்தானுடன் இணைக்கப்பட்டபோதும் குவாதர் ஓமானின் மஸ்கட் சுல்தானிடமே இருந்தது. 1958-ல் பிரதமர் பெரோஸ் கான் நூனின் அரசு 30 லட்சம் பவுண்டுக்கு விலை பேசியது. அதே ஆண்டில் ஊர் கைமாறியது. அடைக்கலம் தந்த மண், விற்பனைப் பொருளானது கொடுமைதான்.

இன்று அங்கே சீன உதவியுடன் கட்டிய ஆழ்கடல் துறைமுகம். அதற்கான விரைவுச்சாலை தேமி ஸிர் கரையை ஒட்டியே வந்தபோது, படகுக்கு வழி விடுங்கள் என்று மீனவர்கள் போராட வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் 'குவாதருக்கு உரிமை கொடு' என்று ஊரே திரண்டது. பெண்களும் பெருங்கூட்டமாக வீதிக்கு வந்தார்கள். குடிநீர் வேண்டும், மீனை அள்ளிப்போகும் டிராலர்களைத் தடுக்க வேண்டும், சோதனைச் சாவடிகளைக் குறைக்க வேண்டும், ஈரான் எல்லையில் வணிகத்துக்கு வழிவிட வேண்டும் என்று கேட்டார்கள். முன்னின்று நடத்திய மௌலானா ஹிதாயத்துர் ரஹ்மானை 2024 தேர்தலில் மாகாணச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள் குவாதர் மக்கள்.