லண்டன் – நியூயார்க் வான்வழித் தொலைவு

லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 5,540 கி.மீ. புவிக்கோளத்தின் மீது இரு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய பாதையான பெருவட்டத்தின் வழியே இது அளக்கப்படுகிறது. லண்டனிலிருந்து மேற்கே செல்லச் சுமார் 8 மணி நேரமும், நியூயார்க்கிலிருந்து கிழக்கே வரச் சுமார் 7 மணி நேரமும் ஆகும். வட அட்லாண்டிக்கின் மீது ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அன்றன்றைய காற்றுநிலைக்கேற்ப விமானப் பாதைகளும் மாறும். ஒலியினும் வேகமாகப் பறந்த கான்கார்ட் விமானம் இத்தடத்தில் 1977 முதல் 2003 வரை இயங்கியது. வழக்கமாக ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 2 மணி 53 நிமிடத்துக்குள் அடைந்து சாதனை படைத்தது.