கழுகுமலையில் பெயர் வெட்டியவர்கள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் கண்ணுக்குத் தடை கிடையாது. புரட்டாசியில் உழுது விதைத்த உளுந்தும் பருத்தியும் சோளமும் மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். கோவில்பட்டியிலிருந்து தெற்கே திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கும் இடைசெவல், கி.ராஜநாராயணனையும் கு.அழகிரிசாமியையும் பெற்ற ஊர். அந்த இருவராலும் இந்தக் கறுப்பு மண் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய மண்ணாகிவிட்டது. இலக்கிய ஆர்வலர்கள் இடைசெவலுக்கு வருகிறார்கள், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்கிறார்கள், 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில் சற்று நிற்கிறார்கள். அத்தோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் கழுகுமலை. வெள்ளாமைக் காட்டுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் ஒரே பாறை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஆள் மாற்றி ஆள் அந்தப் பாறையை வெட்டியும் செதுக்கியும் எழுதியும் வந்திருக்கிறார்கள்.

பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அடிவாரத்தில் உள்ள கழுகாசலமூர்த்தி கோயிலுக்குத்தான் போகிறார்கள். பாறையைக் குடைந்த குகைதான் கருவறை. மயில்மேல் அமர்ந்த முருகன். ராமாயணத்துக் கழுகான சம்பாதி இங்கே முருகனை வணங்கினான், அதனால் ஊருக்கு இந்தப் பெயர் என்பது தலபுராணம். இப்போது அங்கே பிணந்தின்னிக் கழுகுகளைத் தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டில் எஞ்சியவை வடக்கே முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்துதான், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்தத் தடை வந்தபோது இந்தியா முழுவதும் கழுகுக் கூட்டம் ஏறக்குறைய அழிந்திருந்தது.

கோயில் எட்டயபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது. முத்துசாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் எட்டயபுரம் வந்து 1835இல் அங்கேயே காலமானார். அவர் சுத்த தன்யாசியில் பாடிய கீர்த்தனை ஒன்று கழுகுமலை முருகனைப் பற்றியது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தும் இந்த முருகனைப் பாடியதுதான். ஊற்றுமலை ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு வந்தபோது வழிநடையாகப் பாடப்பட்டவை அந்தச் சிந்துகள் என்பார்கள். முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோன அந்தக் கவிஞரின் மெட்டு, தமிழ்நாட்டில் காவடி எடுக்கிற ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

அதே தெருக்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதைக் கோயில் வழிகாட்டிகள் சொல்வதில்லை. தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமை நாடார் சமூகத்தினருக்கு மறுக்கப்பட்டிருந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போயும் அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை. பலர் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1895ஆம் ஆண்டுப் பங்குனித் தேரோட்டத்தில் கலவரம் மூண்டு, ஜமீன் மேலாளர் உட்படப் பலர் மாண்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து நடந்த சிவகாசிக் கலவரத்தைப் பேசுகிறவர்கள் கழுகுமலையை அதன் முன்னுரையாகவே குறிப்பிடுகிறார்கள்.

அடிவாரத்தை விட்டு மேலே ஏறினால் வெட்டுவான் கோயில். கட்டடம் தேடிப் போகிறவர் முதலில் ஏமாந்துதான் போவார், ஏனென்றால் கோயில் கண்ணுக்கு மேலே இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. மலைச்சரிவில் மூன்று பக்கமும் அகழிபோலப் பாறையை வெட்டியெடுத்து, நடுவில் விட்ட கல்லை விமானமாக்கியிருக்கிறார்கள். வேலை சிகரத்தில் தொடங்கி அடிப்பகுதிக்கு இறங்கியிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பராந்தக நெடுஞ்சடையன் காலம் என்பது பொதுவான கருத்து. சிகரம் முழுமையாக முடிந்திருக்கிறது. கீழே வர வர உருவங்கள் மங்கி, அடியில் உளிக்கொத்து மட்டும் தெரிகிற வெறும் கல்லாக நின்றுவிடுகின்றன.

தென்பக்கம் பார்த்திருக்கும் தட்சிணாமூர்த்தியைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். மற்றக் கோயில்களில் ஆலமரத்தடியில் சின்முத்திரை காட்டி மௌனமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குரு, இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். விரல்கள் தோலில் படிந்திருக்க, முகத்தில் வாசிப்பில் லயித்தவரின் களை. அருகே தோழர்களைப்போல நெருங்கி அமர்ந்த உமையும் சிவனும், சுற்றிலும் பூதகணங்கள். ஒவ்வொரு பூதத்துக்கும் ஒவ்வொரு சேட்டை.

‘தென்னகத்து எல்லோரா’ என்று வெட்டுவான் கோயிலுக்குப் பட்டம் சூட்டியிருக்கிறார்கள். ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் (756–773) காலத்து எல்லோரா கைலாசநாதர் கோயிலும் இதே முறையில் மேலிருந்து கீழாக வெட்டியதுதான். அளவில் அது மிகப் பெரியது, ஆனால் அங்கே கல் எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. ஆப்பிரிக்காவின் கிழக்கே எத்தியோப்பிய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில், லாலிபெலா என்ற ஊரில் இதே மாதிரி தரைக்குள் வெட்டி இறக்கிய பதினொரு மாதா கோயில்கள் இருக்கின்றன. 1978இல், உலகப் பாரம்பரியப் பட்டியல் தொடங்கியபோதே, அவை அதில் இடம்பெற்றன. அங்கேயும் எரிமலைக் கல்தான். கழுகுமலையில் உளி பட்டதோ கருங்கல்லில். பெருமையை அளவில் தேடாமல் கல்லின் கடுமையில் தேடினால், இந்தப் பாதிக் கோயில் எவருக்கும் இளைத்ததல்ல.

ஏன் பாதியில் நின்றது? ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அப்பன் ஒரு கோயிலும் மகன் ஒரு கோயிலும் போட்டி போட்டு வெட்டினார்களாம். மகன் முந்திக்கொண்டான் என்று கேள்விப்பட்ட அப்பன் ஆத்திரத்தில் சுத்தியலை எறிய, மகன் செத்தான். அதோடு அப்பன் உளியைக் கீழே போட்டுவிட்டான். தகப்பன்–மகன் சிற்பி கதை இந்தியாவில் எங்கே அரைகுறைக் கோயில் இருந்தாலும் அங்கே முளைக்கும் கதை. பொறாமைக்காரச் சிற்பியைவிட, சண்டையில் காசும் ஆள்பலமும் தீர்ந்துபோன அரசன்தான் பெரும்பாலும் கோயில்களைப் பாதியில் நிறுத்துகிறவன். நிறுத்தியதில் நமக்கு லாபமும் உண்டு: எந்த வரிசையில் கல்லை உடைத்தார்கள், எங்கே கோடு போட்டார்கள் என்பதெல்லாம் முடிந்த கோயிலில் மறைந்துவிடும். இங்கே அது திறந்து கிடக்கிறது.

வந்தவர்களில் பலர் இதோடு இறங்கிவிடுகிறார்கள். மலையின் பெரிய செல்வம் இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது.

ஒரு நீண்ட பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். சிறியவை, பெரியவை, அமர்ந்தவை, நின்றவை எல்லாம் சேர்த்து நூற்றுக்கு மேல். பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகம் ஐந்து தலை விரித்துக் காக்க, மேலிருந்து அவர் பகைவன் கமடன் பாறையைத் தூக்கி எறியப் பார்க்கிறான். பாகுபலியின் உடலில் கொடி படர்ந்திருக்க, இருபுறமும் சகோதரிகள் பிராமியும் சுந்தரியும். அம்பிகை யட்சி பக்கத்தில் சிங்கம் நிற்க, குழந்தையின் தலையில் கைவைத்து நிற்கிறாள். எதிரில் கையை உயர்த்தியபடி திடுக்கிட்டு நிற்கிறான் ஓர் ஆண். புடைப்புச் சிற்பம் என்றாலும் நாடகத்தின் ஒரு காட்சியை அப்படியே நிறுத்தி வைத்ததுபோல இருக்கும்.

சிற்பங்களுக்கு அடியில் வட்டெழுத்து. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் நூறுக்குக் குறையாது. மெய்க்கீர்த்தியோ அரச வம்சாவளியோ அநேகமாகக் கிடையாது. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி, அவ்வளவுதான். இன்னார் யார் என்றால் தச்சர், குயவர், கொல்லர், வேளாண் மக்கள். மலைக்கு அப்போது அரைமலை என்று பெயர், வட்டாரத்துக்கு நெச்சுர நாடு. தன் பேரிலோ, செத்துப்போன உறவினர் பேரிலோ ஒரு சின்ன மாடத்தை வெட்டுவித்துப் பேரைப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாண்டியன் மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு மட்டும் கொஞ்சம் வேறு தினுசு. ஆய் நாட்டுக் கருநந்தன்மேல் படையெடுத்து அருவியூர்க் கோட்டையை அழித்ததையும் அந்தப் போரில் வீரர்கள் விழுந்ததையும் அது சொல்கிறது. இன்னொன்றில், சித்தாந்தம் உரைக்கும் துறவிகளுக்குச் சோறு போட நிலம் விடப்பட்டிருக்கிறது. சாதாரணச் சம்சாரிகள் காசு போட்டு நடத்திய கல்விச்சாலை என்று இந்த மலையைச் சொன்னால் மிகையில்லை.

அங்கே பாடம் சொன்னவர்களில் பெண்கள் இருந்தார்கள். கல்வெட்டுகள் அவர்களைக் குரத்தியர் என்கின்றன. இன்ன குரத்தியாரின் மாணாக்கர் என்று ஆண்களும் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், அதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊர்ப் பெயரோடு வருகிறார்கள். திருச்சாரணம் என்பது கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கேயும் தீர்த்தங்கரர்கள் பாறையில் இருக்கிறார்கள். மலையாளக் கரை ஓரத்திலிருந்து கரிசல் காடு வரை ஒரு பெண் துறவி நடந்து வந்து, பாடம் சொல்லி, தன் பேரில் ஒரு திருமேனியும் செய்வித்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தமிழகத்தில் பெண் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் சங்கப் புலவர்களிலிருந்து நேரே ஆண்டாளுக்குத் தாவிவிடுவதுதான் வழக்கம். இந்தப் பாறையில் நிற்கும் பேர்களைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.

சமணம் இந்தப் பக்கம் மறைந்து நெடுங்காலம் ஆகிறது. தீர்த்தங்கரர் வரிசைக்குப் பக்கத்திலேயே இப்போது அய்யனார் இருக்கிறார், உச்சியில் பிள்ளையார். வெட்டுவான் கோயிலும் சமணப் பாறையும் தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பங்குனி உத்திரத்துக்கும் தைப்பூசத்துக்கும் அடிவாரத்தில் நிற்க இடம் கிடைக்காது. கல்வெட்டுகளை நிதானமாகப் பார்க்க நினைப்பவர் அந்த நாட்களைத் தவிர்த்து, கல் சூடேறும் முன்பே காலையில் ஏறிவிடுவது நல்லது.