இரை மறுக்கும் மலைப்பாம்பு

கூண்டில் அடைத்த பாம்பு இரையைத் தொடாமல் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் கிடக்கும். வெப்பநாட்டுப் பாம்புகளை ஐரோப்பியர்கள் கப்பலேற்றத் தொடங்கிய காலம் முதல், வளர்ப்பவர்களைத் திணறடித்துவரும் சிக்கல் இது. இதைத் தீர்க்க மனிதர்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை பாம்புக்குக் கேடாகவே முடிந்தன. அது ஏன் உண்ணவில்லை என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே எழுந்தது.

சீனாவுக்குத் தூது சென்ற ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் குழுவை ஏற்றிச் சென்ற ‘ஆல்செஸ்ட்’ கப்பல் 1817-இல் பாறையில் மோதி உடைந்தது. தப்பியவர்கள் படேவியாவிலிருந்து வேறொரு கப்பலில் இங்கிலாந்து திரும்பினார்கள். அந்தக் கப்பலில் போர்னியோவில் பிடிபட்ட மலைப்பாம்பு ஒன்றும் வந்தது. அதன் தீனிக்கென்றே ஆடுகள் ஏற்றப்பட்டிருந்தன. அது ஆடு விழுங்கிய விதத்தை ஆல்செஸ்டின் மருத்துவர் ஜான் மெக்லியாட் தமது பயணநூலில் விரிவாக எழுதினார். நன்னம்பிக்கை முனையை நெருங்கும்போது பாம்பு சோர்ந்தது; கொடுத்த கோழிகளைத் தீண்டவில்லை. குளிர்தான் காரணம் என்று எல்லோரும் எண்ணினார்கள். செயின்ட் ஹெலினாவை அடையும் முன்பே அது இறந்துவிட, வயிற்றைக் கீறிப் பார்த்தார்கள். புழுக்கள் இரைப்பையைத் துளைத்திருந்தன. குளிர், ஒட்டுண்ணி, பயண அலைச்சல் ஆகிய மூன்றும் இன்றும் பாம்பு இரை மறுப்பதற்கான முதன்மைக் காரணங்கள். அந்த ஒரு பாம்பிடமே மூன்றும் இருந்தன. ஆனால் அது கற்பித்ததை அடுத்த நூறாண்டுக்கு யாரும் பொருட்படுத்தவில்லை.

லண்டன் விலங்குக் காட்சியகம் 1849-இல் ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் திறந்தது. உலகில் அத்தகைய இல்லம் அதுவே முதல். கண்ணாடிக்குள் வெப்பத்தைச் சீராக வைக்கும் வழி அப்போது தெரியாது. கதகதப்புக்காகக் கம்பளிப் போர்வைகளை உள்ளே போட்டு வைப்பார்கள். அப்படிப் போட்ட போர்வையை ஒரு போவா பாம்பு விழுங்கி, சில வாரங்கள் கழித்துக் கக்கியது. பத்திரிகைகள் இதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. பாம்பின் உடலுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்ற அடிப்படைகூடத் தெரியாமல் அது வளர்க்கப்பட்டது என்பதற்கு அந்தப் போர்வையே சான்று. பாம்பு பொதுவாகத் தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளாது. வெளிச்சூடு குறைந்தால் செரிமானம் நின்றுபோகும். விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகும். ஆகவே குளிரில் உண்ண மறுப்பது அதற்குத் தற்காப்பு.

அமெரிக்கக் காட்சியகங்களில் வலிந்து ஊட்டும் வழக்கம் வளர்ந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சியகத்தில் 1899 முதல் ஊர்வனப் பிரிவைக் கவனித்த ரேமண்ட் டிட்மார்ஸ், இரை மறுத்த பெரிய மலைப்பாம்பை ஆட்களைக் கொண்டு நீளமாகப் பிடிக்கச் செய்து, செத்த முயல்களைக் கழியால் தொண்டைக்குள் தள்ளினார். பாம்புகள்மீது உண்மையான பற்றுக் கொண்டவர் அவர். பட்டினியால் அது சாகக் கூடாது என்ற கவலையே அவரை அப்படிச் செய்யத் தூண்டியது. சான் டியேகோ விலங்குக் காட்சியகத்தில் 1920-களில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. அங்கே ‘டியாப்லோ’ என்ற மிகப் பெரிய மலைப்பாம்பு இரை எடுக்க மறுத்தது. பல ஆட்கள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, அரைத்த இறைச்சியைக் குழாய் வழியாக உள்ளே செலுத்தினார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பாம்பின் துன்பம் காட்சிப் பொருளாயிற்று. வலிந்து ஊட்டும்போது தொண்டை கிழியலாம், உணவு மூச்சுக்குழலுக்குள் போகலாம். இந்த அச்சத்துக்குப் பிறகு தானாக இரை எடுக்கப் பாம்பு இன்னும் தயங்கும். வேறு வழியே இல்லாதபோது கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய கடைசி முயற்சி இது என்பதே இன்றைய முடிவு. அது சரியான முடிவு.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சிக்கல் காட்சியகத்திலிருந்து வீடுகளுக்குப் பெயர்ந்தது. அதைக் கொண்டுவந்தது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்கு மிகாத, சாதுவான பாம்பு. அச்சுறுத்தினால் கடிக்காமல், தலையை நடுவே மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். வளர்க்க விரும்புவோருக்கு இதைவிடத் தோதான பாம்பு இல்லை என்று தோன்றியது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டது. வந்து சேர்ந்த வளர்ந்த பாம்புகளில் பல, உடம்பெல்லாம் உண்ணியும் குடலில் புழுவுமாக இருந்தன. எலியைக் காட்டினால் சுருண்டுகொண்டன. ஓராண்டுக்கும் மேலாக எதையும் உண்ணாமல் இருந்தவையும் உண்டு.

இதே பாம்பு தன் மண்ணில் வாழும் விதம் வேறு. பெனின் நாட்டுக் கடற்கரை நகரமான உய்தாவில் இது தெய்வம். 1700-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே டச்சு வணிகர் வில்லெம் போஸ்மன் அங்கிருந்த பாம்பு வழிபாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 1727-இல் தகோமி அரசு அன்றைய உய்தா அரசைக் கைப்பற்றிய பிறகும் வழிபாடு அழியவில்லை. இன்றும் அங்கே கத்தோலிக்கப் பேராலயத்துக்கு எதிரே பாம்புக் கோயில் இருக்கிறது. கோயில் பாம்புகளை இரவில் வெளியே விடுகிறார்கள். அவை ஊருக்குள் சென்று தாமே இரை தேடிக்கொள்கின்றன. யார் வீட்டிலாவது புகுந்தால், வீட்டார் அதைப் பத்திரமாகக் கோயிலில் சேர்ப்பார்கள். புற்றுக்குப் பால் ஊற்றும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த மரியாதை எளிதில் விளங்கும். பாம்பு வளர்ப்பு நூல்கள் எதுவும் எழுதப்படாத காலத்திலேயே, இருட்டும் தனிமையும் விரும்பிய இரையும் பாம்புக்கு வேண்டும் என்பதற்கு இடம் கொடுத்த ஏற்பாடு அது.

காட்டில் இந்தப் பாம்பு பகலைக் கரையான் புற்றிலும் எலி வளையிலும் கழிக்கும். நைஜீரியாவில் நடந்த ஆய்வில், சிறிய பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையும் பெரியவை கொறித்துண்ணிகளையும் தின்பது தெரியவந்தது. அமெரிக்கக் கடையில் அதற்குக் கிடைத்ததோ ஆய்வுக்கூட இனமான வெள்ளைச் சுண்டெலி. அந்த மணமே அதற்குப் பழக்கமில்லை. தமிழக வயல்களில் வெள்ளெலி எனப்படும் இனத்துக்கு உறவான ஜெர்பில்களைக் கொடுத்தபோது, பட்டினி கிடந்த பல பாம்புகள் உடனே பாய்ந்து பற்றியதை வளர்ப்பவர்கள் கண்டுகொண்டார்கள். பிறகு சுண்டெலியின் மேல் ஜெர்பில் மணத்தைத் தடவி ஏமாற்றும் உத்தி பரவியது.

பருவமும் ஒரு காரணம். மேற்கு ஆப்பிரிக்காவின் வறட்சிக் காலமே இதன் இனப்பெருக்கக் காலம். ஆண் பாம்பு இணை தேடும் நாட்களில் இரையை மறக்கும். சினைப்பட்ட பெண் பாம்பு முட்டையிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் அவற்றைச் சுற்றிக்கொண்டு பட்டினியாகவே காக்கும். கடல் கடந்து கண்ணாடிப் பெட்டிக்கு வந்த பிறகும் உடல் அந்த நாட்காட்டியை விடுவதில்லை. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பாம்பு ஆண்டில் சில மாதம் இரையைத் தள்ளுவது இயல்பு. இதை அறியாமல் பதறியவர்களே வலிந்து ஊட்டி அதைக் கெடுத்தார்கள்.

பட்டினியை அந்த உடல் எப்படித் தாங்குகிறது என்பதற்கு 2007-இல் அமெரிக்க உயிரியலாளர் மார்ஷல் மெக்யூ வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. பந்து மலைப்பாம்பு உள்ளிட்ட மூன்று இனங்களை ஏறத்தாழ ஆறு மாதம் இரையின்றி வைத்துக் கவனித்தார். அவை ஓய்வில் செலவிடும் ஆற்றலை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. வியப்பு என்னவென்றால், உண்ணாமலேயே அவற்றின் நீளம் கூடியது. மற்ற விலங்குகளின் பட்டினியை வைத்துப் பாம்பின் பட்டினியை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சிக்கலைப் பெருமளவு குறைத்தது வேறொரு மாற்றம். 1990-களில் சினைப் பாம்புகளைப் பிடித்து, முட்டையிடச் செய்து, குஞ்சுகளை மட்டும் ஏற்றுமதி செய்யும் பண்ணை முறை டோகோவிலும் அண்டை நாடுகளிலும் பரவியது. அமெரிக்காவில் பாப் கிளார்க் 1992-இல் வெளிறிய நிறப் பந்து மலைப்பாம்புகளை வளர்ப்பிலேயே பொரிக்க வைத்தார். நிற வகைகளுக்கு ஏற்பட்ட கிராக்கியால் வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்வது தனித் தொழிலானது. பொரித்தது முதல் எலிக்குப் பழகிய குஞ்சுகள், காட்டில் பிடிபட்டவற்றைப் போல முரண்டு பிடிப்பதில்லை. ஆனாலும் இந்தத் தொழிலுக்கும் ஒரு விலை உண்டு. நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளில் நோய்கள் பரவின. 1970-களிலேயே கவனிக்கப்பட்ட உள்ளடக்கத் திரள் நோய்க்கு ஒரு வகை அரீனா வைரஸோடு தொடர்பிருப்பது 2012-இல்தான் தெரிந்தது. உண்ணாமையும் விழுங்கியதைக் கக்குவதும் அந்நோயின் அறிகுறிகளில் அடங்கும். எல்லா மறுப்பும் பருவத்தால் வருவது என்று வாளாவிருக்கவும் முடியாது.

இவ்வளவு பட்டறிவிலிருந்து உருவான நடைமுறை எளியது. பாம்பை எடை போட்டுக் குறித்துவைக்க வேண்டும். எடை நிலையாக இருந்தால் பொறுத்திருக்கலாம், தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வாயில் நுரை, மூச்சில் இரைச்சல், கழுத்தை நேராகப் பிடிக்க முடியாமை ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. பெட்டியின் ஒரு புறம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை சூடாகவும், மறுபுறம் 25 டிகிரியை ஒட்டியும் இருக்க, தெர்மோஸ்டாட் பொருத்த வேண்டும். உடல் நான்கு பக்கமும் உரசும்படி நெருக்கமான மறைவிடம் இரு புறமும் வேண்டும். சட்டை உரிக்கப்போகும் பாம்புக்குக் கண் மங்கியிருக்கும். அந்த நாட்களில் இரை காட்டுவது வீண். உறைந்த எலியை உருக்கி, உயிருள்ள எலியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, இரவில் இடுக்கியால் நீட்டலாம். மறுத்தால் எடுத்துவிட்டு, ஒரு வாரமாவது பாம்பைத் தொடாமல் விட வேண்டும். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுப் போவது ஆபத்து. பசியற்ற பாம்பின் முதுகை எலி எலும்பு தெரியக் கடித்துக் குதறிய நிகழ்வுகள் உண்டு.

தமிழகத்துக்கும் இந்தப் பாம்பு வந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பைகளில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. துணிப்பையில் கட்டி, நீரின்றிக் குளிரில் மணிக்கணக்கில் அடைபட்டு வரும் பாம்பு, 1817-இல் கப்பலேறிய பாம்பின் நிலையில்தான் வந்து இறங்குகிறது. அது இரை எடுக்க மறுத்தால் குறை பாம்பிடம் இல்லை. இந்தியாவில் உள்நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது குற்றம். வெளிநாட்டு இனமானாலும், அழிவாபத்திலுள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் (CITES) பட்டியலில் உள்ள பாம்பை வைத்திருப்பவர், 2024-இல் வந்த விதிகளின்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். சான்றில்லாத பாம்பை யாரும் வாங்க வேண்டாம்.