சொந்த வகுப்பா, நம்பையின் இன்ட்32-ஆ?

பைதானின் முழு எண்ணுக்கு எல்லை கிடையாது. நினைவகம் உள்ளவரை வளரும். ஜாவாவின் இன்ட் 32 பிட்டோடு நின்றுவிடும். 2147483647-உடன் ஒன்றைக் கூட்டினால் -2147483648 வரும். ஜாவாவில் எழுதிய ஹாஷ் கணக்கைப் பைதானுக்குக் கொண்டுவரும்போது இந்தச் சுற்றலும் கூடவே வராவிட்டால் விடை பொருந்தாது. அதற்கு நாமே ஒரு வகுப்பு எழுதலாம். நம்பை நூலகத்தின் இன்ட்32-ஐயும் எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டல், கழித்தல், பெருக்கலில் இரண்டும் சமம். சொந்த வகுப்புக்கு ஒரு சூத்திரம் போதும்: விடையோடு 2147483648-ஐக் கூட்டி, 4294967296-ஆல் வகுத்து மீதியை எடுத்து, கூட்டியதைத் திரும்பக் கழிக்க வேண்டும். பைதானில் மீதி வகுக்கும் எண்ணின் குறியையே பெறுவதால் குறை எண்ணுக்கும் இது பிசகாது. நம்பையில் சுற்றல் தானாக நடக்கும். தனி எண் என்றால் எச்சரிக்கை வரும், அரே என்றால் அதுவும் வராது.

வகுத்தலில்தான் வழி பிரிகிறது. -7-ஐ 2-ஆல் வகுத்தால் ஜாவாவில் -3. நம்பையின் முழு எண் வகுத்தல் பைதானைப் போலவே கீழ்நோக்கிப் போய் -4 தரும். 1-ஐ இடப்பக்கம் 33 இடம் நகர்த்தச் சொன்னால், ஜாவா 33-இன் கடைசி 5 பிட்டை மட்டும் பார்த்து ஓரிடம் நகர்த்தி 2 என்கிறது. நம்பை 0 என்கிறது. சொந்த வகுப்பில் ஜாவாவின் விதியை அப்படியே எழுதிவிடலாம்.

ஆனால் எழுதாத விதி அங்கே இருக்காது. பைதானின் இன்ட்டிலிருந்து வகுப்பை வருவித்து, கழித்தலை மட்டும் எழுத மறந்தால், கழித்த விடை எல்லையற்ற சாதாரண எண்ணாகச் சத்தமில்லாமல் வெளியேறும். எண்ணை உள்ளே வைத்துக்கொள்ளும் தனி வகுப்பாக இருந்தால் அதே மறதி பிழைச் செய்தியாக வந்து நிற்கும். அதனால் இரண்டாவது அமைப்பே மேல். நம்பையிலும் கசிவு உண்டு: இன்ட்32-உடன் இன்ட்64 சேர்ந்தால் விடை 64 பிட்டாகிவிடும். 2024-இல் வந்த நம்பை 2.0-க்கு முன், லினக்ஸில் தனி இன்ட்32 எண்ணோடு சாதாரண 1-ஐக் கூட்டினாலே இந்தக் கதிதான்.

வேகத்தில் போட்டியே இல்லை. வகுப்பு ஒவ்வொரு கணக்குக்கும் புதிய பொருளை உருவாக்கும். நம்பை லட்சக்கணக்கான எண்களை ஒரே அரேயாக முடித்துவிடும்.

ஆக, கூட்டலும் பெருக்கலும் மட்டும் பெருந்திரளாக நடக்கும் இடத்தில் நம்பை போதும். வகுத்தலோ பிட் நகர்த்தலோ வந்து, ஜாவாவின் விடை இம்மி பிசகாமல் வேண்டுமென்றால் வகுப்புதான். எழுதி முடித்ததும் -2147483648-ஐ -1-ஆல் வகுத்துப் பாருங்கள். ஜாவாவில் அதே எண்ணே திரும்பி வரும். உங்கள் வகுப்பு 2147483648 என்றால், வகுத்தலில் சுற்ற மறந்திருக்கிறீர்கள்.