'உங்கட பிள்ளையா பாருங்கோ': அந்தத் தகவல் யாரிடமிருந்து?

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பலர் தங்கள் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் மங்கலான ஒரு படம். 'இதில நிற்கிறது உங்கட பிள்ளையா பாருங்கோ' என்று ஒரு வரி. சில வேளைகளில் அடுத்ததாகப் பணம் கேட்பார்கள். இதை முதலில் அனுப்பியது யார்?

யுத்த காலத்தில் செஞ்சிலுவைக் கடிதம் பெற்றவர்களுக்கு வித்தியாசம் விளங்கும். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் இயங்குகிறது. அக்கடிதம் ஒட்டப்படாத தாள். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், அதிகாரிகளும் வாசிக்கலாம். அந்தரங்கம் இல்லைத்தான். ஆனால் எழுதியவரின் முழுப்பெயரும் முகவரியும் அதிலேயே இருந்தன. கையெழுத்தைத் தாய் அறிவாள்.

வட்ஸ்அப் இதற்கு நேர்மாறு. இடையில் எவரும் வாசிக்க முடியாது. முதலில் எழுதியவரின் பெயரும் கூட வராது. தகவலின் மேலே ஒற்றை அம்புக்குறி இருந்தால், அது வேறொருவர் எழுதியது. இரட்டை அம்புக்குறி என்றால் ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைமாறி வந்தது. பிரதிசெய்து ஒட்டினால் எந்தக் குறியும் விழாது. ஆகவே குறி இல்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த நாளும் இடமும் நீங்கிவிடும். மூலப்படத்தை 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பச் சொன்னால் அவை தங்கியிருக்க வாய்ப்புண்டு. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், அதே படம் முன்னர் எங்காவது வெளியாகியிருந்தால் அகப்படலாம்.

இவற்றைவிடப் பயனுள்ளது பழைய வழிதான்: ஆள் ஆளாகப் பின்னோக்கிப் போவது. அனுப்பியவரிடம் 'உண்மையா?' என்று கேட்காதீர்கள், 'நம்புகிறேன்' என்பார். 'உங்களுக்கு யார் தந்தது?' என்று கேளுங்கள். பிறகு அவரை அழையுங்கள். சங்கிலி எந்த இலக்கத்தில், எந்தக் குழுவில் அறுகிறது என்று குறித்து வையுங்கள்.

பிள்ளையின் பெயர், பாடசாலை, காணாமல் போன திகதி எல்லாம் அனுப்பியவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று பல அம்மாமார் சொல்வார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் முதல் அந்த விபரங்களைப் பதாகைகளில் ஏந்தி நிற்கிறோம், பத்திரிகைகளிலும் வந்துவிட்டன. எவரும் வாசித்திருக்கலாம். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள்: செல்லப்பெயர், வளவில் அவர் நட்ட மரம். விடையை நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

பதில் வராவிட்டாலும் தகவலை அழிக்காதீர்கள். இலக்கம், திகதி, நேரத்துடன் அப்படியே வைத்திருங்கள். முறைப்பாடு செய்வதானால் அதுதான் தேவைப்படும்.