அறிந்தவர் யார்? 79ஆம் பிரிவின் வரலாறு

பிறர் பதிவேற்றியவற்றுக்கு, இடமளித்த இணையதளம் எப்போது பொறுப்பாகும்? இந்தியச் சட்டம் இதற்கான விடையைக் கால் நூற்றாண்டாக 'அறிதல்' என்னும் ஒரு சொல்லிலேயே தேடி வருகிறது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 79ஆம் பிரிவின் பாதுகாப்பு குறுகியது. குற்றம் தனக்குத் தெரியாமல் நிகழ்ந்தது என்றோ, அதைத் தடுக்க உரிய கவனம் செலுத்தியதாகவோ நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். 2004 நவம்பரில் பாசி.காம் ஏலத்தளத்தில் பயனர் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்தார். தளம் அதை நீக்கிய பின்னரும் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜ் டிசம்பரில் கைதானார். 2012இல் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்கவில்லை என்பதே காரணம். அறிதல் பற்றிய கேள்வி அங்கே தீரவில்லை.

2008ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பைப் பொதுவிதியாக்கி, 'உண்மையான அறிதல்' ஏற்பட்ட பின்னும் நீக்காவிட்டால் அது பறிபோகும் என்றது. யார் சொன்னால் அறிந்ததாகும்? பாதிக்கப்பட்டவரின் மின்னஞ்சலே போதும், 36 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும் என்றன 2011ஆம் ஆண்டு விதிகள். இதனால் நிறுவனமே நீதிபதியானது. ஐயத்துக்குரிய பதிவை வைத்திருப்பதைவிட நீக்கிவிடுவதே அதற்குப் பாதுகாப்பு.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பு இந்நிலையை மாற்றியது. லட்சக்கணக்கான கோரிக்கைகளில் எது நியாயமானது என நிறுவனங்கள் தீர்மானிப்பது மிகக் கடினம் என்ற உச்சநீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிக்கையோ கிடைப்பதே 'உண்மையான அறிதல்' என்று வரையறுத்தது. தனியாரின் புகாரிலிருந்து அச்சொல் விடுபட்டது. அரசின் அறிவிக்கையோடு பிணைந்தது.

அந்தப் பிணைப்பின் பொருள் பின்னர் தெளிந்தது. 'சஹ்யோக்' வலைவாசல் வழியே அரசுத்துறைகள் 79ஆம் பிரிவின்கீழ் நீக்க அறிவிக்கைகளை அனுப்பத் தொடங்கின. விலக்கு அளிக்கும் பிரிவு ஆணையிடும் அதிகாரம் ஆகாது என வாதிட்ட எக்ஸ் நிறுவனத்தின் மனுவை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தடை ஆணைகளுக்கான 69-ஏ பிரிவில், அடையாளம் காண முடிந்தால் எழுதியவரையும் கேட்க வேண்டும் என்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு எடுத்துரைத்தது. 79ஆம் பிரிவோ அரசும் நிறுவனமும் மட்டுமே பேசிக்கொள்ளும் பிரிவு. நிறுவனம் எதை அறிந்தது என்று மட்டுமே அது கேட்கிறது. எழுதியவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதில்லை.