கிண்டியும் குன்னூரும்: உஷ்ணப் பிரதேச நோய்த் தடுப்பூசிகளும் காப்புரிமை வாதமும்

மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் தம்மவரைப் பறிகொடுத்துச் சலித்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் 1845ஆம் ஆண்டில் பழனி மலையின் மேல்தளத்தில் வீடு கட்டிக் குடியேறியதே கொடைக்கானல் நகரத்தின் ஆரம்பம் என்பது சரித்திரம் படித்தவர்கள் அறிந்த விஷயம். உஷ்ணப் பிரதேச நோய்களுக்கு வசதியுள்ளவர்கள் அக்காலத்தில் கண்ட பரிகாரம் உயரம் ஒன்றே. மலையேற வழியற்றவன் கீழே கிடந்து காய்ச்சலை அனுபவித்தான். இன்று கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியில் விவசாயக் கூலியின் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கும் நகரத்துச் செல்வரின் குழந்தைக்கும் ஒரே பி.சி.ஜி. ஊசி அரசாங்கச் செலவில் போடப்படுகிறதென்றால், அந்தப் பழைய பேதத்தில் பெரும்பகுதியை அழித்த சாதனம் தடுப்பூசி என்பதில் ஐயமில்லை. அந்தச் சாதனம் எதனால் உண்டாயிற்று, பிரத்தியேக உரிமை என்னும் ஆசையினாலா, வேறொன்றினாலா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

காப்புரிமையின் நியாயத்தை முதலில் பட்சபாதமின்றிச் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒன்றைக் கண்டவன் அதன் ரகசியத்தை உலகுக்கு வெளியிடுகிறான்; அதற்குப் பிரதியாக, இப்போதைய சட்டப்படி இருபது ஆண்டுகள், அவனைத் தவிர வேறொருவரும் அதைச் செய்து விற்கலாகாது என்று அரசாங்கம் அவனுக்குக் காவல் நிற்கிறது. இதில் அநியாயம் ஒன்றுமில்லை. ஆனால் காவல் வேறு, விளைச்சல் வேறு. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த உரிமைக்குப் பொருள் இருப்பதற்குக் காரணம், பூண்டை விலை கொடுத்து வாங்குவோர் ஊரெங்கும் இருப்பதே. வாங்குவோன் இல்லாத சரக்குக்கு வழங்கப்படும் பிரத்தியேக உரிமை தரிசு நிலத்துக்கு வேலியடைப்பது போன்றது. உஷ்ணப் பிரதேச நோய்களில் பல, கையில் காசில்லாதவனையே தேடிப் பிடிப்பவை. ஆகவே லாபத்தை முன்னிறுத்தும் தூண்டுகோல் அவற்றின் விஷயத்தில் வலுவிழந்து போவது எதிர்பார்க்கத்தக்கதே.

தென்னாட்டுச் சரித்திரம் இதற்குச் சாட்சி. அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899இல் கிண்டியில் தொடங்கப்பெற்ற கிங் நிலையமும், 1907இல் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கத் தனவந்தரின் நன்கொடையும் சேர்ந்து குன்னூரில் எழுந்த பாஸ்டர் நிலையமும், 1948இல் மீண்டும் கிண்டியிலேயே நிறுவப்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வுக்கூடமும் காப்புரிமை வருமானத்தை நம்பி உண்டானவை அல்ல; பொதுச் சுகாதாரம் சர்க்காரின் கடமை என்ற கொள்கையும் கொஞ்சம் தர்ம சிந்தனையும் அவற்றை உண்டாக்கின. (அந்த பி.சி.ஜி. இயக்கத்தையே ராஜாஜி 1955இல் பிரசுரம் எழுதி எதிர்த்தார் என்பதையும், அந்த எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு இயக்கம் நடந்தது என்பதையும் நினைவுகூர்வது தகும். பொது ஸ்தாபனம் பொது விவாதத்துக்கும் உட்பட்டதாக இருந்தது.) இன்று காப்புரிமை அலுவலகமும் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அதே கிண்டியில்தான் இருக்கின்றன.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் பொதுத்துறையின் புகழ் பாடியதாக முடியும். உண்மை அத்தனை எளிதன்று. டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் வடநாட்டுக் கசௌலியின் ஆய்வு நிலையத்தில் வகுத்த முறைப்படி, ஆட்டின் மூளைத் திசுவில் வெறிநோய்க் கிருமியை வளர்த்துக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரிக்கப்பட்ட ஊசியே, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தமிழ்நாட்டுத் தாய்மார்கள் குழந்தைகளைப் பயமுறுத்தும் அளவுக்கு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் வழங்கி வந்தது. அந்த மூளைத் திசுவே சிலருக்கு வாத நோயை உண்டாக்கிற்று என்பது வைத்தியர்களுக்குத் தெரியாததன்று. உயிரணு வளர்ப்பு முறையில் செய்த, அபாயம் குறைந்த ஊசி 1970களிலேயே மேல்நாட்டில் வந்துவிட்டது. இருந்தும் இந்தியா பழைய ஊசியின் உற்பத்தியை நிறுத்தியது 2004இன் இறுதியில்தான். ஆகவே, அறிவு சர்வ சுதந்திரமாகக் கிடந்தாலும், அதை மேலும் மேலும் செப்பனிடும் பொறுப்பும் பணமும் ஒருவர் தலையில் சுமத்தப்படாவிட்டால் நிலையம் தேங்கிவிடும் என்பதை இந்த ஊசியின் கதை காட்டுகிறது.

காப்புரிமையைக் குறைத்தால் போதும் என்னும் எதிர்க்கட்சியாரின் வாதமும் ஆராயத்தக்கது. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 விழுக்காடு அந்நியருடையவை என்றும், அவற்றில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்நாட்டில் பிரயோகத்துக்கே வரவில்லை என்றும் எடுத்துக்காட்டியது. அதன் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையை மறுத்துச் செய்முறைக்கு மட்டும், அதுவும் குறுகிய காலத்துக்கு, வழங்கியது. 2005இல் பொருட் காப்புரிமை திரும்பி வரும் வரையில், இந்திய மருந்துத் தொழில் அந்த நிழலில் தழைத்தது. ஆனால் மாத்திரைக்குப் பொருந்தும் நியாயம் தடுப்பூசிக்கு அப்படியே பொருந்தாது. இரசாயனப் பொருள் ஒன்றின் கட்டமைப்பை அறிந்த கெட்டிக்கார இரசாயன நிபுணன் அதை வேறொரு வழியில் செய்துவிடலாம். தடுப்பூசியோ உயிருள்ள கிருமியிலும் உயிரணுவிலும் பிறப்பது. எந்த வித்து, எந்த வளர்ப்பு, எந்தச் சோதனை என்னும் கைப்பழக்கத்தில் பெரும்பகுதி காப்புரிமை ஏட்டில் எழுதப்படுவதே இல்லை.

கோவிட் காலம் இதை உலகறியச் செய்தது. தொற்று நீடிக்கும் வரை தன் கோவிட் தடுப்பூசிக் காப்புரிமைகளை எவர்மீதும் பிரயோகிப்பதில்லை என்று மாடர்னா நிறுவனம் 2020 அக்டோபரில் அறிவித்தது. அதே மாதம் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் உரிமை விலக்குக் கோரின. 2022 ஜூனில் ஒரு குறுகிய தீர்மானம் பிறந்தது. வேலி திறந்துதான் கிடந்தது. எனினும் உள்ளே சென்று அறுவடை செய்வோர் உடனே கிடைக்கவில்லை. கேப் டவுனில் ஒரு சிறு நிறுவனம் வெளிப்படையாகக் கிடைத்த தகவலைக் கொண்டு மாடர்னாவின் ஊசியை ஆய்வுக்கூட அளவில் செய்து காட்டிய போது 2022 பிறந்துவிட்டது. கிண்டி பி.சி.ஜி. கூடமும் குன்னூரும் கசௌலியும் நல்லுற்பத்தி விதிகளை எட்டவில்லை என்று 2008இல் உரிமம் நிறுத்தப்பட்டு, 2010இல் மீண்டும் அனுமதி பெற்றதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். அந்த நிலையங்களை முடக்கியது எந்தக் காப்புரிமையும் அன்று. பழுது பார்க்கப்படாத கட்டடமும் பழக்கப்படாத கைகளுமே. கிருமியை அறிந்தவன் ஓய்வு பெற்றுப் போனால் அவன் இடத்தில் நிற்க ஆள் வேண்டும் என்ற சாதாரண நிர்வாக ஞானம் அங்கே குறைந்திருந்தது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கு ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து உதாரணம். 1980களில் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பான் என்னும் மருத்துவரின் குழுவினர், நோய்க்குறி காட்டாத பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த 116ஈ என்னும் வைரஸ் வகையை, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அயல்நாட்டு நிறுவனங்களும் பல்லாண்டுகள் தாங்கி நின்று, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் வாயிலாக வாய்வழித் தடுப்பு மருந்தாக்கின. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பங்கேற்ற பரிசோதனை 6,799 குழந்தைகளிடம் நடந்தது. இதிலுள்ள விசேஷம், ஒரு வேளை மருந்து ஒரு டாலருக்குக் கிடைக்க வேண்டும் என்னும் நிபந்தனை தொடக்கத்திலேயே பேசப்பட்டதாகும். அதன் பாதுகாப்புத் திறன் முதல் ஆண்டில் சுமார் 56 விழுக்காடே என்று குறை சொல்வோர் உளர், அக்குறை உண்மையே. ஆயினும், 2016 முதல் அது நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. பொதுப் பணம் உரிமையாளனோடு முன்கூட்டியே பேரம் பேசியதன் பலன் அது.

அப்படிப் பேரம் பேச நெடுங்காலம் ஒருவரும் முன்வராத நோய்களின் கதி வேறு. 1957இல் ஷிமோகாக் காட்டில் கண்டறியப்பட்டு, பின்னர் நீலகிரிக் காடுகளிலும் தலைகாட்டிய குரங்குக் காய்ச்சலுக்குப் பெங்களூரில் செய்த பழைய ஊசி திறன் குன்றிக் கைவிடப்பட்டது; காட்டோரத்தில் வாழும் ஏழைகளின் நோய்க்கு நெடுங்காலம் எந்தக் கம்பெனியும் போட்டியிடவில்லை. மலேரியா விஷயம் இன்னும் விநோதமானது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இலும் 2023இலும் பரிந்துரைத்த இரண்டு ஊசிகளும் ஆப்பிரிக்காவில் மிகுதியாகக் கொல்லும் பால்சிபாரம் வகைக்கானவை. அவற்றுள் பின்னது புனேயில் தயாராகிறது. தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் வகைக்கோ அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இல்லை.

ஆதலால் காப்புரிமைச் சட்டத்தைக் கடுமையாக்குவதா, தளர்த்துவதா என்ற ஓயாத விவாதத்தைவிட, பொதுப் பணம் பெற்றுப் பிறக்கும் ஒவ்வொரு தடுப்பூசியின் ஒப்பந்தத்திலும் அதன் செய்முறையைக் குன்னூர், கிண்டி போன்ற நிலையங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் கடமையை எழுதச் செய்வதே பயன் தரும் என்பது என் துணிபு. அதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. செங்கற்பட்டில் எச்.எல்.எல். பயோடெக் நிறுவனத்துக்காக நூறு ஏக்கரில் எழுந்த ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம், 2021இல் தமிழக முதலமைச்சர் நேரில் பார்வையிட்டு, அதை மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு பிரதமருக்குக் கடிதம் எழுதிய நாளில், உற்பத்தியின்றிக் கிடந்தது.